மிஞ்சிய பொழுது யாருக்குரியது?

குறைந்த நேரம் உழைத்து நிறைந்த பயன் பெறவேண்டும் என்னும் விருப்பம் மனிதனுக்குப் புதியதன்று. ஏரும் சில்லும் அவ்விருப்பத்தின் குழந்தைகளே. ஆயினும் அவ்விருப்பம் தனியொரு வாழ்க்கை இலட்சியமாகப் போற்றப்படுவது நம் காலத்தின் இயல்பு எனலாம். விடியற்காலை முதல் இரவு வரை கடையிலேயே கிடந்து பொருள் தேடியவனை ஒரு காலத்திற் சமூகம் வியந்தது. இன்றோ, நாளில் ஒரு சில மணி நேரம் மட்டும் தன் தொழிலைக் கவனித்து, எஞ்சிய பொழுதைத் தனக்கென வைத்துக்கொண்டு, இலாபமும் குறையாமல் ஈட்டுபவனையே வியக்கின்றது. இவ்விலட்சியம் ஒழுக்க நோக்கில் ஏற்கத்தக்கதா, ஏற்கத்தக்கதாயின் எந்நிபந்தனையின் மீது ஏற்கத்தக்கது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விடத்து ஒரு தவறான விளக்கத்தை முதலில் விலக்கிக்கொள்ளுதல் நன்று. இது சோம்பலுக்கும் முயற்சிக்கும் இடையிலான வழக்கன்று. திருக்குறளின் பொருட்பாலில் ‘ஆள்வினையுடைமை’ ஓர் அதிகாரமாக இருப்பதுபோலவே, ‘காலமறிதல்’ என்பதும் தனியோர் அதிகாரமாக இருக்கின்றது. முயற்சி என்பது நேரத்தை விரயமாக்குதல் அன்று என்பதும், பொழுதறிந்து செய்யப்படும் சிறு வினை பொழுதறியாத பெருவினையை வெல்லும் என்பதும் தமிழர்க்குப் பழக்கமான எண்ணங்களே. ஆகவே, ஒருவன் குறைந்த நேரம் உழைக்கின்றான் என்பதொன்றைக்கொண்டே அவனைப் பழித்தல் பொருந்தாது. நாம் கேட்கவேண்டிய வினா வேறு. அவன் உழைக்காது விட்ட அந்த மணித்தியாலங்கள் எங்கே போயின?

மலைச்சரிவில் இறங்கும் நீரை ஒரு கானில் மறித்தால் அது அழிந்துவிடுவதில்லை. இன்னொரு கானில் இறங்கிப் பாய்கின்றது. உழைப்பு நேரமும் பல வேளைகளில் அத்தகையதே. புதிய கருவியாலோ, நல்ல ஒழுங்கினாலோ, ஆழ்ந்த அறிவினாலோ ஒரு வேலைக்கு வேண்டிய நேரம் மெய்யாகவே குறையலாம். அவ்வாறன்றி, என் தலையிலிருந்து இறங்கிய நேரம் இன்னொருவர் தலையில் ஏறியும் இருக்கலாம். முன்னையது நேரத்தைக் குறைத்தல். பின்னையது நேரத்தை இடம் மாற்றுதல். கணக்குப் புத்தகத்தில் இவ்விரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இவற்றைப் பிரித்தறியும் பொறுப்பு ஒழுக்கவியலுக்கு உரியது.

இதனைப் பிரித்தறிவதற்கு மலையகத்தைவிடச் சிறந்த கல்விக்கூடம் கிடைப்பது அரிது. 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பிச் செய்கை இலைநோயால் அழிந்த பின்னர், தேயிலை மலைநாட்டை மூடியது. ஹட்டனையும் நுவரெலியாவையும் சூழ்ந்த தோட்டங்களிற் பல இலண்டனிற் பதிவு செய்யப்பட்ட கம்பனிகளின் கைக்குச் சென்றன. அக்கம்பனிகளின் பங்குதாரர்களிற் பெரும்பாலானோர் தேயிலைச் செடியைக் கண்ணாற் கண்டதும் இல்லை. கொழும்பிலிருந்த முகவர் நிலையங்கள் அவர்கள் பொருட்டு நிர்வாகம் செய்தன. தோட்டத்தில் துரை ஆட்சி செய்தார். துரைக்கும் தொழிலாளர்க்கும் இடையே கங்காணி நின்றார். ஒவ்வொரு நாளும் தம் கீழ் வேலைக்கு இறங்கிய ஆட்களின் தொகைக்கேற்பப் பெரிய கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. அவருடைய வருமானம் அவர் உழைத்த மணிகளைச் சார்ந்ததன்று. பிறர் உழைத்த நாட்களைச் சார்ந்தது. குறைந்த நேரம் உழைத்து வெற்றிகரமாகத் தொழில் நடத்துதல் என்பதற்கு இதனினும் முழுமையான உதாரணம் உலகில் உண்டோ? உரிமையாளரின் உழைப்பு நேரம் ஏறத்தாழச் சூனியம். இலாபமோ கடல் கடந்து ஆண்டுதோறும் சென்றது. அந்தச் சூனியத்திற்கு எதிர்ப்பக்கத்தில் விடியலிற் தப்பொலி கேட்டுப் பிரட்டுக்களத்திற்கு ஓடிய ஆயிரமாயிரம் மனிதர்களின் பகல்கள் எழுதப்பட்டிருந்தன.

உடைமை மாறினால் இந்நிலை மாறும் என நம்பியோர் இருந்தனர். 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தமும் 1975 ஆம் ஆண்டின் திருத்தமும் தோட்டங்களை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. 1992 இல் அவற்றின் நிர்வாகம் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. வெள்ளைக் கம்பனி, அரசு, உள்நாட்டுக் கம்பனி என மூன்று கைகள் மாறின. ஆனால் பிரட்டு மாறவில்லை. காலையிற் பேர் பதிவதும், மாலையிற் கொழுந்து நிறுத்துப் பேர் போடுவதும் அவ்வாறே தொடர்ந்தன. ஆகவே, வினா உடைமையைப் பற்றியது மட்டுமன்று. உழைப்பின் நேரத்தை யார் ஆளுகின்றார் என்பதையும் பற்றியதாகும்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ‘முதலிட்டவன் நட்டத்தின் அச்சத்தைச் சுமக்கின்றான், ஒழுங்கை வகுத்தவன் அறிவைச் செலவிடுகின்றான், அவர்கள் கையால் உழைக்கவில்லை என்பதாற் பயனுக்கு உரியவர் அல்லர் என்பது எவ்வாறு?’ இம்மறுப்பில் உண்மை உண்டு. ஹட்டன் நகரத்தின் சில்லறைக் கடைக்காரர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். இருபது ஆண்டுகள் தாமே கடை திறந்து தாமே கடை மூடியவர், தம்மிடம் வேலை பழகிய இளைஞனுக்குக் கொள்முதலையும் கணக்கையும் கற்பித்து, அப்பொறுப்பிற்கேற்ற ஊதியமும் இலாபத்தில் ஒரு பங்கும் அளித்து, நண்பகலில் வீடு திரும்புகின்றார் எனக் கொள்வோம். அவருடைய ஓய்வை யாரும் பழிக்க இயலாது. இளைஞனின் வேலை கூடியது உண்மையே. ஆயின் அவனுடைய அறிவும் கூடியது, வருமானமும் கூடியது, நாளை தனக்கென ஒரு கடை திறக்கும் தகுதியும் கூடியது. 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் அவனுக்கு நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்திற்கு 45 மணி என்னும் எல்லையையும் வகுத்துள்ளது. அவ்வெல்லையாற் கடைத்தெரு அழிந்துவிடவில்லை. பொறுப்பைக் கைமாற்றுதல் வேறு, சுமையைக் கைமாற்றுதல் வேறு. பொறுப்போடு அதிகாரமும் பயனும் சேர்ந்து செல்லும். சுமையோ தனியே செல்லும்.

நேரத்தை இடம் மாற்றாமல் மெய்யாகவே குறைத்தல் இயலுமா என்பது அடுத்த வினா. 1837 இல் இங்கிலாந்தின் பொருளியலறிஞர் நாசோ சீனியர், ஆலையின் நிகர இலாபம் முழுவதும் நாளின் இறுதி மணியிலிருந்தே பிறக்கின்றது எனவும், அம்மணியைக் குறைத்தாற் கைத்தொழில் அழியும் எனவும் வாதிட்டார். பத்தாண்டுகளின் பின், 1847 இல், நெசவாலைகளிற் பெண்களுக்கும் இளையோருக்கும் பத்து மணி நேரச் சட்டம் வந்தது. நெசவுத் தொழில் அழியவில்லை, மேலும் வளர்ந்தது. 1900 இல் ஜேர்மனியின் ஜெனா நகரில் சைஸ் கண்ணாடி வில்லைத் தொழிற்சாலையை நடத்திய ஏர்ன்ஸ்ட் அப்பே, ஒன்பது மணி வேலை நாளை எட்டு மணியாகக் குறைத்து, விளைவை அளந்து பார்த்தார். நாளின் உற்பத்தி குறையவில்லை, சற்றுக் கூடியது. களைத்த கையும் களைத்த கண்ணும் செய்யும் பிழைகளே அந்த ஒன்பதாவது மணியை விழுங்கிக்கொண்டிருந்தன என்பது புலனாயிற்று. ஹென்றி போர்ட் 1914 இல் எட்டு மணி நாளையும் 1926 இல் ஐந்து நாள் வாரத்தையும் தம் தொழிற்சாலைகளிற் கொண்டுவந்தார். அவர் வள்ளலாக இருந்து அதனைச் செய்தாரல்லர். ஓய்வுள்ள தொழிலாளியே மோட்டார் வாகனம் வாங்குவான் என்பதை அறிந்து செய்தார். ஆயினும், அவருடைய தொழிற்சாலையில் மணி குறைந்தபோது ஓடுபட்டியின் வேகம் கூடியது என்பதையும் மறத்தலாகாது. மணிக்கணக்கிற் குறைத்ததை மூச்சுக்கணக்கிற் கூட்டி எடுத்துக்கொள்ளும் வித்தையும் தொழிலுலகில் உண்டு.

‘கண்ணாடி வில்லைக்கும் தேயிலைக்கும் பொருத்தம் இல்லையே’ என ஒருவர் கூறலாம். அது சரியே. கொழுந்து தன் காலத்திற்றான் துளிர்க்கும். ஒரு மலையில் எடுத்த கொழுந்து மீண்டும் பறிக்கும் பருவம் அடைவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் வேண்டும். நாலரைக் கிலோ அளவு பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலையே கிடைக்கும். ஆனால் இவ்வுண்மை எப்பக்கம் சாய்கின்றது என்பதைச் சிந்திக்கவேண்டும். பறிப்பவள் எத்தனை மணி நேரம் மலையில் நின்றாலும் செடி அதிகம் துளிர்க்கப்போவதில்லை. விளைச்சலைத் தீர்மானிப்பவை மண்ணும் பசளையும் செடியின் இனமும் வயதுமே. தலவாக்கலை சென்ற் கூம்ஸ் தோட்டத்தில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் பல பதின்மங்களாக உயர்விளைச்சல் தரும் வீ.பி. இனங்களை உருவாக்கி அளித்துள்ளது. ஆயினும், நூறாண்டு கடந்த விதைத் தேயிலைச் செடிகள் நின்ற மலைகளும் இருந்தே வந்துள்ளன. மீள்நடுகைக்குப் பணமும் பொறுமையும் வேண்டும். ஆண்டுக்கணக்கில் வருமானம் இல்லாது காத்திருத்தலும் வேண்டும். மீள்நடுகை செய்யாத மலையில், இருபது கிலோ கொழுந்து சேர்ப்பதற்கு ஒரு பெண் இரு மடங்கு செடிகளைத் தேடி நடக்கவேண்டியவளாகின்றாள். முதலீடு செய்யாது விட்ட சோம்பலை அவளுடைய கால்கள் ஈடுசெய்கின்றன. மலையகத்துத் தொழிலாளி சோம்பேறி என்னும் பழிச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம், அம்மலையில் உண்மையிற் சோம்பியிருப்பது எது என நாம் திருப்பிக் கேட்டல் தகும்.

குறைந்த நேரத்தில் முழுச்சம்பளம் என்பது தோட்டத்தில் நடவாத காரியம் என்பாரும் உளர். அவர்கள் தோட்டத்தைச் சற்று உற்று நோக்குதல் வேண்டும். கவ்வாத்து வெட்டும் ஆணுக்கு இத்தனை செடி, கான் வெட்டும் ஆணுக்கு இத்தனை நீளம் எனக் கணக்குக் கொடுக்கப்படும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அக்கணக்கை முடித்தவர், பிற்பகல் ஒரு மணியோ இரண்டு மணியோ ஆனதும், கத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு வீடு திரும்பலாம்; அவருக்கு முழுப்பேர். அவ்வாறு அவர் திரும்பியதாற் தோட்டம் அழிந்ததில்லை. வேலை முடிந்தது என்பதே அங்கு அளவு. பொழுது முடிந்தது என்பதன்று. ஆகவே, நாம் இலட்சியமாகப் பேசும் முறை மலையகத்திற்கு அந்நியமானதன்று. அங்கேயே பிறந்து, அங்கேயே ஒரு பகுதியாருக்கு மட்டும் வழங்கி வந்ததாகும்.

அதே தோட்டத்திற் கொழுந்து பறிக்கும் பெண்ணின் நிலை யாது? அவளுக்கும் இத்தனை கிலோ என்று கணக்கு உண்டு. ஆனால் நண்பகலுக்குள் அக்கணக்கை அவள் எட்டிவிட்டாலும் வீடு திரும்ப முடியாது. மாலை நிறுவை முடியும்வரை மலையில் நிற்கவேண்டும். மேலதிகக் கிலோவிற்குச் சிறு தொகை கிடைக்கும் என்பது உண்மையே. நிற்பதா திரும்புவதா என்னும் தெரிவு அவளுடையதன்று. மாறாக, மாலைவரை நின்றும், மழையாலோ காய்ந்த மலையாலோ, நிறை எட்டாவிடில் அரைப்பேர் விழுகின்றது. மடுவத்திற் சாக்கிற்கும் ஈரத்திற்கும் கழிவு வேறு. அதாவது, அவளைக் கட்டிப்போடும்போது கடிகாரம் அளவாகின்றது. அவளுக்குக் கூலி கொடுக்கும்போது தராசு அளவாகின்றது. கடிகாரத்தை அளவாகக் கொண்டால், எட்டு மணி நின்றவளுக்கு முழுப்பேர் கிடைக்கவேண்டும். தராசை அளவாகக் கொண்டால், கணக்கு முடித்தவள் வீடு செல்ல விடப்படவேண்டும். இரண்டையும் ஒருசேர வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேளையும் தனக்கு நயம் தருவதை எடுத்துக்கொள்வது எந்த அளவையியலுக்கும் பொருந்துவதன்று. இரு படிகள் வைத்து, ஒன்றால் வாங்கி ஒன்றால் விற்கும் வணிகனை நம் மூதாதையர் எப்பெயரிட்டு அழைத்தனர் என்பதை விளக்கவேண்டியதில்லை.

1984 இற் பெருந்தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் கிடைத்தது. அது பெரும் வெற்றி. அதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் சமசம்பளம் சமபொழுதைக் கொண்டுவரவில்லை. மாலையில் மடுவத்திலிருந்து திரும்பும் பெண்ணுக்கு லயத்தில் இன்னொரு வேலை நாள் காத்திருந்தது: தண்ணீர், விறகு, அடுப்பு, பிள்ளைகள். அவ்வேலைக்குப் பேரும் இல்லை, நிறுவையும் இல்லை. 2021 மார்ச்சிற் சம்பள நிர்ணயச் சபையின் வாயிலாக நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2024 இல் 1,350 ரூபாவாயிற்று. 2021 இன் பின்னர், பறிக்கவேண்டிய கிலோவின் அளவு கூட்டப்பட்டது எனவும், வேலை நாட்கள் குறைக்கப்பட்டன எனவும் பல தோட்டங்களிலிருந்து முறைப்பாடுகள் எழுந்தன. போர்ட்டின் ஓடுபட்டியை நினைவூட்டும் செய்தி இது. ரூபாவிற் கொடுத்ததைக் கிலோவில் திரும்பப் பெறுவதாயின், கொடுத்தது யாது?

நிர்வாகத்தின் பக்கத்து நியாயத்தையும் நோக்குவோம். கொழுந்து மிகும் காலத்தில் உரிய நாளிற் பறிக்காவிடில் இலை முற்றிவிடும். சுற்று பிந்தினால் அடுத்த சுற்றும் கெடும். தொழிற்சாலையில் வாட்டும் தட்டுகள் வெறுமையாகக் கிடக்கும். இவை உண்மையான இடர்கள். ஆனால் இவை பெண் மாலைவரை நிற்கவேண்டும் என்பதை நிறுவவில்லை. மேலதிக வேலைக்கு அவள் மனமுவந்து நிற்கத்தக்க விலை கொடுக்கப்படவேண்டும் என்பதையே நிறுவுகின்றன. சந்தையில் எப்பொருளுக்கும் தேவை கூடும்போது விலை கூடுகின்றது. பெண்ணின் பிற்பகல் மட்டும் தேவை கூடும்போதும் விலை கூடாத பொருளாக இருப்பது, அது விற்கப்படுவதில்லை, எடுத்துக்கொள்ளப்படுகின்றது என்பதையே காட்டுகின்றது.

இனி, அண்மைக் காலத்தில் முன்வைக்கப்பட்ட மாற்று வழியொன்றையும் ஆராய்தல் பொருத்தமானது. இலங்கையின் தேயிலை உற்பத்தியில் எழுபது வீதத்திற்கு மேற்பட்ட பங்கைச் சிறுதோட்ட உடைமையாளரே அளித்து வந்துள்ளனர். காலி, மாத்தறை, இரத்தினபுரி போன்ற தாழ்நாட்டுப் பகுதிகளில் அவர்கள் செறிந்துள்ளனர். அவர்களுக்குப் பிரட்டு இல்லை. விடியலிற் பறித்து, நண்பகலில் வேறு தொழில் பார்க்கும் சுதந்திரம் உண்டு. இதனைக் கண்ட பெருந்தோட்டக் கம்பனிகள் சில, தொழிலாளர் குடும்பங்களுக்குத் தேயிலை நிலத்தைப் பிரித்துக் கொடுத்து, அவர்கள் பராமரித்துப் பறிக்கும் கொழுந்தை விலைக்கு வாங்கும் வருமானப் பகிர்வு முறையை முன்மொழிந்தன. சில இடங்களில் நடைமுறைப்படுத்தியும் உள்ளன. தொழிலாளி தன் நேரத்தைத் தானே ஆளலாம் என்பது அதன் கவர்ச்சி. அக்கவர்ச்சி பொய்யன்று. தன் பொழுதைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமை, பிரட்டுக்களத்தில் நின்ற சமூகத்திற்குச் சிறிய பேறன்று.

ஆனால் நாம் முன்னர் எழுப்பிய வினாவை இங்கும் எழுப்பவேண்டும்: மணித்தியாலங்கள் எங்கே போயின? நிலத்தின் உரிமை கம்பனியிடமே இருந்து, பசளையின் செலவு கொழுந்து விலையிற் கழிக்கப்பட்டு, குறித்த வருமானத்தை எட்டுவதற்காகத் தாயும் தந்தையும் பாட்டியும் பள்ளி விட்டு வந்த பிள்ளையும் மலையில் இறங்கினால், ஒருவரின் எட்டு மணி குறைந்து ஒரு குடும்பத்தின் பன்னிரண்டு மணியாகின்றது. மேலும், ஊழியன் என்னும் பெயர் நீங்கினால், 1958 முதல் நடைமுறையிலுள்ள ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில் கொள்வோர் செலுத்தவேண்டிய 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குச் செலுத்தவேண்டிய 3 வீதமும் நீங்கிவிடலாம். முதுமையின் ஓய்வை விற்று இளமையின் ஓய்வை வாங்குதல் ஆதாயமான வணிகமன்று. அம்முறையை முற்றாக மறுக்கவேண்டும் என்பது என் கருத்தன்று. நிலத்தில் உறுதியான உரிமையும், கொழுந்துக்கு வெளிப்படையான விலையும், முதுமைக்கான சேமிப்பும் சேர்ந்தால் அது விடுதலை. அவை இல்லாவிடில், கங்காணி இல்லாத பிரட்டு. அங்கே தன்னைத் தானே விரட்டும் வேலையும் தொழிலாளியின் தலையிலேயே விழும்.

இவ்வளவு ஆராய்வதற்கு ஓய்வு அத்துணை உயர்ந்த பொருளா? அரிஸ்டோட்டில் அவ்வாறே கருதினார். அறிவும் அரசியலும் ஓய்விற் பிறப்பவை என்றார். ஆனால் அந்த ஓய்வை அடிமைகளின் உழைப்பின் மீது நிறுத்தினார். நாடா தானே நெய்யுமாயின் அடிமை வேண்டியதில்லை என்று அவரே கூறிச் சென்றார். அது நடவாது என்னும் நினைவோடு கூறினார். நாடா தானே நெய்யும் காலம் வந்துவிட்டது. ஆயினும் ஓய்வு யாருக்கு என்னும் வினா ஓயவில்லை. 1930 இல் கேன்ஸ், நூறாண்டுகளில் மனிதர் வாரத்திற்குப் பதினைந்து மணி நேரமே உழைக்க வேண்டியிருக்கும் என எதிர்வு கூறினார். அந்த நூறாண்டு நிறைவை அண்மித்துவிட்டது. பதினைந்து மணி வாரம் ஹட்டன் மலைகளுக்கு வந்து சேரவில்லை. பொறியும் அறிவும் மிச்சப்படுத்திய நேரம் தானாகவே எல்லோருக்கும் பங்கிடப்படும் என அவர் எண்ணினார் போலும். நீர் தானாகப் பள்ளத்தை நாடும்; நேரமோ அதிகாரம் உள்ள மேட்டையே நாடுகின்றது.

பல்கலைக்கழக மாணவராகிய நமக்கு இவ்வினா தொலைவில் உள்ளதன்று. நூலகத்தில் ஒரு பிற்பகல் முழுவதும் ஒரு நூலோடு இருக்கக் கிடைத்த வாய்ப்பு, சமூகம் நமக்களித்த ஓய்வாகும். மலையகத்திலிருந்து இங்கு வந்துள்ளோரிற் பலருக்கு, அவ்வோய்வு தாயொருத்தியின் மாலை நிறுவைகளால் வாங்கப்பட்டது. நாளை நம்மிற் சிலர் நிர்வாகிகளாவர்; சிலர் சொந்தத் தொழில் தொடங்குவர். குறைந்த நேரம் உழைத்து வெற்றி பெறுதல் அவர்களின் விருப்பமாயின், அது குற்றமன்று. தம்மிடம் வேலை செய்வோரும் அதே விருப்பத்தை உடையோர் என்பதை அவர்கள் மறவாதிருத்தலே வேண்டுவது. தன் பணியாளனின் நாளையும் குறைக்கும் முதலாளி நேரத்தைக் குறைத்தவன்; தன் நாளை மட்டும் குறைத்தவன் அதனை இடம் மாற்றியவன்.

இதனை நடைமுறையிற் சோதித்துப் பார்க்கப் பெரும் புரட்சி எதுவும் தேவையில்லை. கவ்வாத்து வெட்டுபவருக்கு நெடுங்காலமாக உள்ள உரிமை கொழுந்து பறிப்பவளுக்கும் கிடைக்கட்டும். செடியின் நிலையறிந்து நியாயமாக வகுத்த கணக்கை அவள் எப்பொழுது முடிக்கின்றாளோ, அப்பொழுதே கூடையை இறக்கி வீடு செல்லட்டும். அதற்கு மேல் அவள் நிற்பதாயின், அது அவளுடைய விருப்பமாகவும் அதற்குரிய விலையோடும் இருக்கட்டும். தன் விரல்களின் விரைவால் அவள் மிச்சப்படுத்திய பிற்பகல் அவளுக்கே உரியது. அதனை அவளிடம் விட்டுவைத்தும் இலாபம் ஈட்டவல்ல தோட்டமே வெற்றிகரமாக நடத்தப்படும் தோட்டமாகும்.